கடைசிப் பத்தியில் இருக்கிறது

எனக்கு எழுத வராது, மன்னிக்க வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. பொங்கல் மலருக்கு ‘மறக்க முடியாத மனிதர்’ என்று யாரைப் பற்றியாவது எழுதித் தரச்சொல்லி இங்கே டெல்லித் தமிழ்ச் சங்கத்தார் கேட்டபோது, என்னைத்தான் கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாக்கியம் கோணலாக இருக்கும். மறதியும் உண்டு, எது முந்தி எது பிந்தி என்பது சில இடத்தில் குழம்பும். ஒன்றை மட்டும் மறக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகள் அந்த வளையலை எடுக்கவில்லை. வளையல், அதைத் தொலைத்த அம்மாளின் கைப்பையிலேயே இருந்தது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இனி அவரைப் பற்றி.

அவர் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். லோதி ரோடு பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சாக்கடை நாலா ஓரத்தில் இருந்த எங்கள் குடிசைக் கேம்பிலிருந்து நடந்துபோய் அந்த வீட்டில் நான் சமையல் செய்தேன். ஆபீசில் அவருக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவருடைய உண்மையான வேலை ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நடந்தது. டெல்லித் தமிழர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். இந்திப் பேப்பரையும் இங்கிலீஷ் பேப்பரையும் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு, அதில் வந்த செய்தியைத் தமிழாக்கி அந்தப் பக்கத்தில் ஏற்றுவார்.

“இது காப்பி அடிக்கிறது இல்லம்மா. பேப்பர்காரன் ஊருக்கெல்லாம் எழுதறான். நான் நம்ம ஜனத்துக்கு அளவெடுத்துத் தச்சுக் குடுக்கறேன்” என்பார்.

தைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் வந்தாலும் ஒரே அளவுதான்.

எழுத உட்கார்ந்தால் முதலில் செய்தியைப் படிக்கமாட்டார். இந்தச் செய்தி காதில் விழுந்தால் ஜனங்கள் போனில் எதைத் தட்டித் தேடுவார்கள் என்று யோசிப்பார். கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் தாளம் போடுவார். தாளம் நின்றால் கேள்வி பிறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேள்விதான் தலைப்பு. யமுனையில் தண்ணீர் ஏறினால் ‘யமுனையில் வெள்ளம்: டெல்லி தமிழர்கள் கவலைப்பட வேண்டுமா? முழு விவரம் உள்ளே’. குளிர்காலத்தில் புகை மூடினால் ‘டெல்லி புகை: தமிழர்கள் மிளகு ரசம் குடிக்கலாமா?’ ஒரு தடவை ஏதோ ஒரு ஆபீசுக்குள் குரங்கு புகுந்து பைலைக் கிழித்துவிட்டது என்று இந்திப் பேப்பரில் நாலு வரி வந்தது. அன்றைக்கே அவர் பக்கத்தில் ‘குரங்கு கிழித்த பைல்: தமிழர்களின் பென்ஷன் நிற்குமா?’ என்று போட்டார். ரிட்டயர் ஆன பெரியவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரித்துக்கொண்டார்கள். யாருடைய பென்ஷனும் நிற்கவில்லை. குரங்குக்கு மட்டும் ஊரெல்லாம் பெயர் கிடைத்தது.

செய்திக்குள் ஒரு தமிழர் இருந்தாக வேண்டும். அது அவருக்கு விரதம் மாதிரி. மெட்ரோ நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே ஒரு தமிழராவது மாட்டியிருப்பார் என்று நம்புவார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவார். “நீங்க அந்த வண்டில இல்லையா? அடடா” என்று வருத்தப்படுவார்.

எல்லாம் எழுதி முடித்தபிறகு அடியில் தாளித்துக் கொட்டுவதுபோல ஒரு பத்தி வரும். ஆள் பெயர், ஏரியா பெயர், பஸ் ஸ்டாப் பெயர். தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் பல தினுசாக.

“எவன் எப்படித் தப்பா அடிச்சாலும் நம்மகிட்டதான் வந்து விழணும்” என்பார். பொறி வைக்கிறவன் பேசுகிற பேச்சு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. படித்தவர் பேச்சு என்று நினைத்தேன்.

அவருடைய பிள்ளைகள் டெல்லியில் பிறந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது. மனைவிக்குத் தெரியும், படிக்கமாட்டார். அதனால் எழுதியதைச் சோதித்துப் பார்க்க நான் அகப்பட்டேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது போனைக் கொண்டுவந்து எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைப்பார்.

“படிம்மா. பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியற மாதிரி எழுதணும்னு ரூல். நீ அஞ்சாங்கிளாஸ். உன்னைவிடப் பொருத்தமான ஆள் டெல்லில கிடையாது.”

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். படிப்பேன். ‘டெல்லியில் நாளை தண்ணீர் வருமா?’ என்று தலைப்பு இருக்கும். கீழே, தண்ணீர் மனிதனுக்கு மிக அவசியம். டெல்லி தமிழர்களுக்கும் தண்ணீர் அவசியம். டெல்லியில் தமிழர்கள் தண்ணீரை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். நானும் பார்ப்பேன். மாவு காய்ந்துபோகும்.

“சார், தண்ணி வருமா வராதா?”

“பொறு. கடைசிப் பத்தில இருக்கு.”

“மொதல்லயே சொன்னா கொடத்துல புடிச்சி வெச்சிக்குவாங்களே சார்.”

“முதல்ல சொன்னா படிச்சுட்டுப் போயிடுவான். போகக் கூடாது. நிக்கணும். எவ்வளவு நேரம் நிக்கறானோ அவ்வளவு மேல ஏறும் நம்ம பக்கம்.”

அதற்கு முன்னால் ரேஷன் கடையில்தான் ஆளை இப்படி நிற்கவைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது கடைசியில் கோதுமை கிடைக்கும். இவருடைய கடைசிப் பத்தியில் ‘இதுகுறித்து அதிகாரப்பூர்வத் தகவல் இன்னும் வெளியாகவில்லை’ என்று இருக்கும்.

அவர் மனைவி நல்ல வாய்க்காரர். இவர் குளித்துவிட்டு வந்து “டிபன் என்ன?” என்று கேட்டால், “டிபன் என்றால் என்ன? தமிழர்கள் காலையில் டிபன் சாப்பிடுவது ஏன்? நில்லுங்க, கடைசிப் பத்தில சொல்றேன்” என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பேன். இவர் சிரிக்கமாட்டார். “தலைப்பு நல்லாருக்கே” என்று போனில் குறித்துக்கொள்வார். அந்த வாரமே அது பதிவாக வந்துவிடும்.

கெட்டவர் இல்லை. குளிர் தொடங்கினால் எனக்கு ஸ்வெட்டர் எடுத்துத் தருவார். என் போனுக்கு அவரே ரீசார்ஜ் செய்வார், அவர் பக்கத்தைப் படிக்கத்தான் என்றாலும். எங்கள் கேம்புக்குத் தண்ணீர் லாரி வராமல் பெண்கள் சண்டைபோட்ட கோடையில், ‘கேம்பில் லாரி வராதது ஏன்?’ என்று எழுதினார். லாரி அதற்கும் வரவில்லை. ஆனால் எங்கள் கேம்பின் பெயர் தமிழ் எழுத்தில் போனில் வந்ததை, இட்லி மாவுக் கடைக்காரர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அன்றிலிருந்து மாவுக் கடைக்காரர்தான் கேம்பில் அவருடைய நிருபர். மாவு வாங்கப் போகிறவர்கள் சொல்லும் வீட்டுச் சங்கதி எல்லாம் பாக்கெட்டோடு சேர்ந்து அங்கே கட்டப்பட்டது.

என் தம்பி மகள் கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு பெரிய பங்களாவில் பாத்திரம் துலக்கி வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த வீட்டு அம்மாளின் தங்க வளையலைக் காணோம். போலீஸ் வந்து இவளைக் கூட்டிக்கொண்டுபோய் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அனுப்பியது. மறுநாள் இந்திப் பேப்பரில் மூலையில் ஒரு துணுக்கு. வளையலைக் காணவில்லை, வேலைக்காரப் பெண்ணை விசாரித்தார்கள். அவ்வளவுதான். பெயர் இல்லை, எந்த ஊர்க்காரி என்பது இல்லை.

அந்தத் துணுக்கு அவர் கண்ணில் பட்டது. நான் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் தம்பி வீட்டில் இருந்தேன். அந்தப் பக்கத்து வேலைக்காரப் பெண் என்றால் தமிழ்ப் பெண்ணாக இருக்கலாமே என்று அவர் மாவுக் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். மாவுக் கடைக்காரர் பெயர், அப்பன் பெயர், எந்தச் சந்து, எத்தனாவது வீடு, எல்லாம் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் பதிவு ஏறிவிட்டது. ‘தங்க வளையல் திருட்டு: கேம்ப் தமிழ்ப் பெண் இன்னார் செய்தாரா? யார் இவர்? முழு விவரம் உள்ளே.’ இன்னார் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அவர் முழுப் பெயரைப் போட்டிருந்தார்.

பேப்பரில் ‘காணவில்லை’ என்று இருந்தது இவரிடம் வந்ததும் ‘திருட்டு’ ஆயிற்று. “காணவில்லைன்னு எவன் தேடுவான்?” என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

கொஞ்ச நாளில் வளையல் கிடைத்தது. ஏதோ கல்யாணத்துக்குப் போனபோது கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டதை அந்த அம்மாளே மறந்திருக்கிறாள். ஒரு மிட்டாய் டப்பா கொடுத்தனுப்பினாள். என் தம்பி கோபத்தில் அதை நாலாவில் எறிந்தான். டப்பாவைத்தான். மிட்டாயை அதற்குள் சந்துப் பிள்ளைகள் தின்றுவிட்டிருந்தன. வளையல் கிடைத்ததை எந்தப் பேப்பரும் போடவில்லை. கிடைத்த வளையல் செய்தி ஆகாது போலிருக்கிறது.

இவள் அந்த வீட்டை விட்டுவிட்டாள். ஆபீஸ் போகிறவர்கள் குழந்தையை விட்டுப்போகிற ஒரு காப்பகத்தில் ஆயா வேலை கேட்டு வைத்திருந்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. குனிந்து துடைக்க வேண்டாம், கழுத்தில் பெயர் போட்ட கார்டு தொங்கும், ஞாயிற்றுக்கிழமை லீவு. வரச்சொல்லிவிட்டார்கள், யூனிபாரத்துக்கு அளவும் எடுத்துவிட்டார்கள். பிறகு அந்த மேடம் கூப்பிட்டு, “உன் பேரைப் போட்டா நெட்ல என்னமோ வருதேம்மா. சின்னக் குழந்தைங்க இருக்கிற இடம். தப்பா எடுத்துக்காதே” என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டாள். தமிழ் தெரியாத மேடத்துக்கு எப்படி அகப்பட்டது என்று கேட்காதீர்கள். இந்தியிலும் இங்கிலீஷிலும் தாளித்துக் கொட்டியிருந்தாரே. போனே மொழிபெயர்த்தும் கொடுக்குமாம்.

அன்றைக்கு அவள் என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“படி அத்தை. பூரா படி.”

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. அவளைப் பற்றி எழுதியதை நான்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. வளையல் என்றால் என்ன, தமிழ்ப் பெண்கள் வளையல் அணிவது ஏன், டெல்லியில் தங்கம் விலை ஏறுமா, வேலைக்கு ஆள் வைக்கும்போது தமிழர்கள் கவனிக்க வேண்டியது என்ன, எல்லாவற்றையும் படித்தேன். கடைசிப் பத்தியில், இவர்தான் எடுத்தார் என்பதற்கு அதிகாரப்பூர்வத் தகவல் இல்லை.

“இத மேல போட்டா என்ன அத்தை?” என்றாள். 

உப்புப் போதுமா என்பதைத் தவிர நானாக அவரிடம் எதையும் கேட்டதில்லை. வாய் வராது. மறுநாள் காலை தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்த வளையல் சங்கதி. அது எந்தம்பி மக.”

கண்ணாடியைக் கழற்றினார். முகம் வாடியது, பொய் சொல்லக் கூடாது. “அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா.”

“அத எடுத்துடுங்க சார், பேரு கெட்டு வந்த வேலையும் போயிட்டுது. வளையலு அந்தம்மா கைப்பையிலயே கெடைச்சிட்டுது.”

“கெடைச்சுட்டுதா?” கண்ணாடி திரும்ப ஏறியது. “எப்போ? என்ன பை? தோல் பையா?”

சொன்னேன். சொன்னபிறகுதான் அவர் விரல் மேசையில் தாளம் போடுவதைப் பார்த்தேன்.

“எடுக்கக் கூடாதும்மா. பழைய பதிவுதான் வேர். நிறைய பேர் வந்து நின்ன பதிவு. அதைப் பிடுங்கினா மொத்தப் பக்கமும் சாஞ்சிடும். நீ கவலைப்படாதே, அப்டேட் பண்ணிடறேன்.”

பண்ணினார். ‘வளையல் திருட்டில் திடீர் திருப்பம்: கேம்ப் தமிழ்ப் பெண் இன்னார் திருடினாரா, இல்லையா? வளையல் கிடைத்த இடம் எது?’ கிடைத்த இடம் கடைசிப் பத்தியில் இருந்தது. அதற்கு முன்னால், கைப்பை என்றால் என்ன?

சில நாள் கழித்துச் சமையலறைக்கு அவரே வந்தார். இனிப்பு கொடுக்க வருகிறவர் மாதிரி முகம்.

“உன் தம்பி பொண்ணு பேரை அடிச்சுப் பார்த்தேன். முன்னாடி கீழ எங்கேயோ இருந்தோம். இப்ப நாமதான் முதல் இடம்.”

நாம் என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அதை நான் சொல்லக் கேட்டு என் தம்பி மகளே ஒரு நாள் வந்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு முன்னறையில் நின்றாள்.

“அங்கிள், என் பேரை ஹட்டாவோ. தூக்கிடுங்க.”

“உக்காரும்மா. காபி குடி. நான் உன் பக்கம்தான். நீ எடுக்கலைன்னு எழுதின ஒரே ஆள் நான்தான். பேப்பர்காரன் எழுதினானா?”

“பேப்பர்ல என் பேரே போடல அங்கிள்.”

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“நான் எடுக்கலன்னு எங்க எழுதியிருக்கீங்க?” என்றாள்.

“கடைசிப் பத்தில தெளிவா இருக்கு.”

“அதுவரைக்கும் யாரு படிக்கிறா?”

“எழுத்து நல்லா இருந்தா படிப்பாங்கம்மா.”

“அத்தை எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. என்னைப் பத்தித்தான். நடுவுல எனக்கே தூக்கம் வந்துட்டுது அங்கிள்.”

உள்ளே அறையில் அவர் மனைவி சிரித்துவிட்டார். இவருக்கு முகம் கறுத்தது. வேலை போனதைச் சொன்னபோது, பெயர் கெட்டதைச் சொன்னபோது வராத வலி அப்போது வந்தது. பெயரை எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பார்க்கலாம்” என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனபிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தூக்கம் வந்தது நடுவுல எந்த இடத்துல? தங்கம் விலை கிட்டயா?”

மறுநாள் எண்ணெய் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தபோது, “கண்ணு தெரியல சார்” என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அவர் இரண்டு நாள் யோசனையாக இருந்தார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பதிவு வந்தது. ‘திடீர் பார்வைக் குறைவு: டெல்லி தமிழ்ப் பாட்டிகள் செய்ய வேண்டியது என்ன?’ அதிலும் ஒரு தமிழர் இருந்தாக வேண்டுமே. லோதி ரோடு பக்கம் சமையல் வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் என்று நான் இருந்தேன். பெயர் போடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். நான் எழுதியிருக்கும் இந்தக் காகிதத்தில் எழுத்து நேராக நிற்பதைப் பார்த்து என் கண்ணைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பிறகு அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன புதிதில் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். அந்தப் பதிவை இப்போதாவது எடுக்கலாமா என்று கேட்டேன்.

“பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோச்சுக்கா. பழைய போனோட போச்சு. இனி யாராலயும் அதுல ஒரு எழுத்துக்கூட மாத்த முடியாதாம்.”

“அப்ப மூடிடலாமாம்மா?”

“அது சும்மா குடுக்கிற இடமாம். வாடகை கட்டாத வீடு. யாரு வந்து மூடுவா?” சிரித்தார். “இப்ப அவருக்கு என்ன கவலைன்னு நெனைக்கிறீங்க? தன் பேரை அடிச்சுப் பார்க்கறார். ஒண்ணுமே வரலையாம். அத்தனையும் எழுதினவர் பேரு எதுலயும் இல்ல, எல்லாத்துலயும் அட்மின்னுதான் போட்டிருக்கார். காலையில எழுந்தா அடிச்சுப் பார்த்துட்டு உம்முன்னு உக்காந்திருக்கார்.”

ஆகவேதான் இதில் அவர் பெயரை எழுதவில்லை. இந்த மலரைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுவீர்கள் என்று சொன்னார்கள். பெயர் போட்டால் அவர் தேடும்போது வந்துவிடுவார். வேண்டாம், தேடிக்கொண்டிருக்கட்டும்.

எங்கள் கேம்ப் இப்போது இல்லை. ஒரு காலையில் புல்டோசர் வந்து தள்ளியது. என் தம்பி கட்டிய சுவர், மாவுக் கடை, தண்ணீர்க் குழாயடி, எல்லாம் மத்தியானத்துக்குள் செங்கல் மேடு. அவருடைய பதிவில் மட்டும் கேம்ப் அப்படியே இருக்கிறது. அதே சந்து, அதே வீட்டு நம்பர், வாசலில் என் தம்பி மகள். அதைத் தள்ள ஒரு புல்டோசர் இல்லை.

அவள் இப்போது கல்யாண காண்டிராக்ட் சமையலுக்குக் காய் நறுக்கப் போகிறாள். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. “ஏய் பச்சை சுடிதார், இங்க வா” என்றுதான் கூப்பிடுவார்களாம். அதனால்தான் அந்த வேலை பிடித்திருக்கிறது என்று சொன்னாள்.

இதில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது முன்னே பின்னே இருக்கலாம். மலர்க் குழுவில் யாராவது சரிபார்த்துப் போடவும். இடம் போதவில்லையென்றால் அடியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள், முதல் பத்தியில் கை வைக்காதீர்கள். சரிபார்ப்பதற்கென்று அவள் பெயரை விசாரித்துப் போனில் மட்டும் தட்டிவிட வேண்டாம். ஒவ்வொருவர் தட்டித் திறக்கும்போதும் அது இன்னும் மேலே ஏறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். முகூர்த்தம் இல்லாத நாளில் அவளுக்கு வேலை இருக்காது. டெல்லியிலேயே போகல் என்கிற ஏரியாவில் நாங்கள் இருக்கும் வாடகை அறைக்கு வாருங்கள். அவளையே கேளுங்கள். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள்.